சிவப்பு மஞ்சள் பூச்சி

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசை முடிந்து மாதா கோவில் மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் அக்கா அந்தத் தாளை என்னிடம் நீட்டினார். அக்கா என்று கூப்பிடுகிறேனே தவிர அவர் என் கூடப்பிறந்தவர் அல்ல. மன்னார்க்காரி. என்னைவிட ஐந்து வயது மூப்பு. கியூபெக்கில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் எங்கள் கட்டடத்துக்கு எதிர்க் கட்டடத்தில் இருப்பவர். தையல் ஆலையில் வேலை செய்த காலத்தில் இயந்திர ஊசி ஏறியதால் அவருடைய இடது கையில் இரண்டு விரல்கள் சரியாக மடங்குவதில்லை. அந்த விரல்களுக்குச் சின்னச் சின்ன வேலை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

"இதிலை என்ன எழுதியிருக்கெண்டு பாத்துச் சொல்லு பிள்ளை. மூஷ் எண்ட சொல்லு மட்டும்தான் எனக்கு விளங்குது. ஈயைப் பற்றி ஏன் வகுப்பு வைக்கினம்?"

வாசித்துப் பார்த்தேன். பெண்களுக்கான மாலை வகுப்பு. தூண்டில் முள்ளில் இறகு, மயிர், நூல் எல்லாம் சுற்றி, மீன் இரையென்று நம்பி வாய் வைக்கும்படி போலிப் பூச்சி கட்டப் பழக்குவார்கள். கோடை வந்ததும் அவற்றைக் கொண்டு பாஸ் மீன் பிடிக்கக் கூட்டிப்போவார்கள்.

"நூல் சுத்துற வேலையெண்டா எனக்குச் சரி. நீயும் வா. எனக்குப் பிரெஞ்சு ஓடாது."

அப்படித்தான் போனேன். மொழிபெயர்க்க. என் பிரெஞ்சும் அப்படியொன்றும் சிறப்பில்லை. புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கின் அலுவலகத்தில் தொலைபேசி எடுத்து எடுத்துச் சேர்த்த பிரெஞ்சு. ஆனாலும் அந்த வகுப்பில் ஒன்பது பெண்களுக்கு நடுவே அக்காவுக்கு நான்தான் வாய். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பிறகு நடந்ததெல்லாம் அங்கிருந்துதான் தொடங்கியது என்று நினைக்கிறேன்.

குளிர்காலம் முழுக்கக் கட்டினோம். நாங்கள் இருவரும் எல்லாவற்றையும் பூச்சி என்றே சொன்னோம். தவளை போலக் கட்டினாலும் பூச்சி, குட்டி மீன் போலக் கட்டினாலும் பூச்சி. மேசையில் பூட்டிய சின்ன இடுக்கியில் முள்ளைப் பொருத்தி, நூலை இழுத்துப் பிடித்துச் சுற்ற வேண்டும். நான் சுற்றினால் இறகு ஒரு பக்கம் சாயும், நூல் அறும். அக்கா மடங்காத விரல்கள் இரண்டையும் நீட்டியபடியே வைத்துக்கொண்டு மற்ற விரல்களால் சுற்றுவார். பத்து நிமிடத்தில் இடுக்கியில் ஒரு உயிர் உட்கார்ந்திருக்கும். வகுப்பு எடுத்தவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு கியூபெக் அம்மா. அக்காவின் பூச்சியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மற்றவர்களுக்குக் காட்டுவார். அவர் புகழ்ந்ததை அக்காவுக்கு நான் தமிழில் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குப் பிறகு அந்தப் புகழ்ச்சியைச் சுருக்கிச் சொல்லத் தொடங்கினேன்.

"என்ன சொல்லுறா?"

"நல்லாயிருக்காம்."

அந்த அம்மா அதைவிட நிறையச் சொல்லியிருந்தார்.

ஜூன் மாதக் கடைசியில் மீன்பிடிப் பருவம் திறந்ததும் புவாண்ட்-கிளேர் ஏரிக்கரைக்குப் போகத் தொடங்கினோம். பெரிய பாஸுக்கு எந்தப் பூச்சி என்பதை அக்கா தையல்காரியாகவே யோசித்தார். "அளவெடுக்காமல் சட்டை தைக்கேலுமோ?" என்று கேட்டுக்கொண்டு காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டுத் தண்ணீரில் இறங்குவார். கற்களைப் புரட்டிப் பார்ப்பார். அடியில் விரல் நீளத்தில் ஆற்று இறால்கள் ஒளிந்திருக்கும். சிங்கி இறாலைச் சுருக்கிவிட்டதுபோல் சிறு கொடுக்குகளோடு, மண்ணிறத்தில், நுனியில் மட்டும் செம்மஞ்சள் பூசி. ஜாம் போத்தலில் தண்ணீர் அள்ளி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். தெளிவாக இருந்தால் கல்லின் நிறத்திலேயே பூச்சி. மழைக்குப் பிறகு கலங்கியிருந்தால் கறுப்பு, அல்லது கடும் ஊதா. மீனுக்கு நிழலாவது தெரிய வேண்டும். அந்தியில் காற்று விழுந்து தண்ணீர் கண்ணாடியாகிவிட்டால் மான் மயிரில் கட்டிய, மேலே மிதந்து 'புளக்' என்று சத்தம்போடும் தவளை.

"பெரிய மீன் சோம்பேறி பிள்ளை. நுளம்பு மாதிரி ஒண்டுக்காக அது எழும்பி வராது. வாய் நிறையக் கிடைக்கவேணும். அதுவும் ஓடித் தப்பாத சாமானா இருக்கவேணும்."

அவருடைய மண்ணிறப் பூச்சி ஒரு சுட்டுவிரல் நீளம். முயல் தோலின் மயிரில் இரண்டு கொடுக்கு. தலையில் கனமான இரண்டு மணிக்கண்கள். அந்தக் கனத்தால் தண்ணீருக்குள் முள் மேல்நோக்கித் திரும்பிவிடும், கல்லில் சிக்காது. அடியில் விழவிட்டு, ஒரு சாண் இழுத்து, நிறுத்தி, மறுபடியும் இழுப்பார். முதல் மூன்று வாரத்திலேயே நான்கு பாஸ் பிடித்தார். எதுவும் மிகப் பெரிதில்லை. ஆனாலும் மீன் மீன்தான். எனக்குக் கிடைத்தது பாசியும் ஒரு மேப்பிள் கிளையும்.

நான் கட்டியது சிவப்பும் மஞ்சளுமாக, நடுவில் தங்க இழை சுற்றிய ஒன்று. எந்த மீனையும் நினைத்து நான் அதைக் கட்டவில்லை. இறகுகள் அழகாக இருந்தன, அவ்வளவுதான். அக்கா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"வடிவாத்தான் இருக்கு. ஆனா தண்ணிக்குள்ளை இப்பிடி ஒரு சீவன் இருக்கோ?"

கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார். எனக்கு ஆத்திரம் வந்தது. பஸ்ஸில் திரும்பும்போது யன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

ஜூலையில் ஒரு வேலைநாள். மூன்று மணிக்கு வேலை முடிந்தது. அன்று கணவரின் கார் என்னிடம் இருந்தது. அவர் துறைமுகத்திலிருந்து கொள்கலன் இழுக்கும் லொறி ஓட்டுபவர். ஓய்வு கிடைத்தால் அவரும் மீன்பிடிப்பார். எங்கள் பூச்சி வகுப்பைக் கேட்டுச் சிரிப்பார். அவருக்கு தெருமூலை டெப்பனர் கடையில் விற்கும் புழு டப்பா போதும். காரின் பின்பெட்டியில் அவருடைய தூண்டில் தடியும் பாதி டப்பாப் புழுவும் கிடந்தன.

நேரே ஏரிக்கரைக்குப் போனேன். ஒரு மணிநேரம் சிவப்பு மஞ்சளை எறிந்து எறிந்து தோள் வலித்தது. கரையில் ஒருவரும் இல்லை. காருக்குப் போய் அவருடைய தடியை எடுத்து வந்தேன். புழுவைக் கோத்து எறிந்தேன். புழுவில் பிடிப்பது குற்றமில்லை. சட்டமும் விடுகிறது, என் கணவர் எத்தனையோ மீனை அப்படிப் பிடித்து நாங்கள் சமைத்திருக்கிறோம். ஆனால் எங்கள் வகுப்பில் அதை யாரும் பேசமாட்டார்கள். அதனால் எறியும்போதே இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் நூல் தானாக நகர்ந்தது. இழுத்தேன். மீன் ஒருமுறை தண்ணீரைவிட்டு முழுதாக எழும்பியது. கரைக்குக் கொண்டுவந்து பார்த்தால், என் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனியைத் தாண்டியும் கிடந்தது. வெண்கல நிறம், பக்கவாட்டில் கரும்பட்டைகள், சிவந்த கண். அக்கா பிடித்த நான்கில் எதுவும் இதில் பாதிகூட இல்லை.

முள்ளைத் தொண்டை வரைக்கும் விழுங்கியிருந்தது. செவுளில் இரத்தம். அந்த நேரத்தில் நூலை வெட்டித் தண்ணீரில் விட்டிருக்கலாம். அல்லது தலையில் ஒரு அடி போட்டு வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கலாம். நான் நூலை வெட்டினேன். பிறகு என் சிவப்பு மஞ்சள் பூச்சியை எடுத்து அதன் உதட்டு ஓரத்தில் குத்தினேன்.

இதை எழுதும்போதும் கை கூசுகிறது. உதடு கெட்டியாக இருந்தது. முதல் தடவை முள் ஏறவில்லை. அழுத்திக் குத்த வேண்டியிருந்தது. மீனைக் கல்லில் கிடத்தி, பக்கத்தில் என் பூச்சித் தடியை வைத்தேன். ஈரக் கையைக் கைபேசி ஏற்கவில்லை. பாவாடையில் துடைத்துவிட்டு எடுத்தேன். முதல் படத்தில் பூச்சி தெரியவில்லை. தலையைத் திருப்பிவைத்து இன்னொன்று. அதில் என் நிழல் விழுந்திருந்தது. இன்னொன்று. ஐந்தாவது படம் சரியாக வந்தபோது மீனின் வாய் திறந்தபடியே இருந்தது.

தண்ணீரில் இறங்கி அதை முன்னும் பின்னும் அசைத்தேன். வயிற்றைக் காட்டிப் புரண்டது. நிமிர்த்தினேன். மறுபடியும் புரண்டது. தள்ளிவிட்டால் சிற்றலை அதைத் திரும்ப என் காலடிக்கே கொண்டுவந்தது. கடைசியில் காரிலிருந்த மளிகைக்கடைப் பையில் சுற்றிப் பூங்காவின் குப்பைத் தொட்டியில் போட்டேன். வீட்டுக்குக் கொண்டுபோனால் கணவர் வயிற்றை வெட்டும்போது புழு முள்ளைக் கண்டுவிடுவாரே என்பதுதான் அப்போது என் மனதில் இருந்த ஒரே யோசனை.

காரில் உட்கார்ந்து படத்தை அக்காவுக்கு அனுப்பினேன். உடனே அழைத்தார்.

"ஐயோ பிள்ளை! என்ன மீனடி இது! எந்தப் பூச்சி?"

"என்ரை சிவப்பு மஞ்சள்தான் அக்கா."

"மெய்யாவோ? அப்ப நான் நினைச்சதெல்லாம் பிழை போல. மீனை என்ன செய்தனி?"

"விட்டிட்டன்."

"நல்ல வேலை செய்தாய். அது இன்னும் வளரட்டும்."

அவர் குரலில் பொறாமை இருக்கிறதா என்று தேடினேன். இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இல்லை.

அடுத்த வாரமே வகுப்பு மண்டபத்துச் சுவரில் அந்தப் படம் ஏறியது. ஆசிரியை கேள்வி கேட்டார். எவ்வளவு ஆழம்? வேகமாக இழுத்தாயா, மெதுவாகவா? ஏன் அந்த நிறத்தைத் தேர்ந்தாய்? அன்று ஏரி கண்ணாடிபோல் தெளிந்திருந்தது. நான், தண்ணீர் கலங்கியிருந்தது, அதனால் பளிச்சென்ற நிறத்தைப் போட்டேன் என்றேன். ஒரு பெண் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அக்காவுக்கு மொழிபெயர்த்தபோது அதே பொய்யை இரண்டாம் தடவை தமிழில் சொன்னேன். தமிழில் சொல்வதுதான் கடினமாக இருந்தது.

பிறகு அக்கா சிவப்பு மஞ்சள் கட்டத் தொடங்கினார். என்னிடம் ஒன்றை வாங்கி இழை இழையாகப் பிரித்து, எத்தனை சுற்று, எந்த இறகு முதலில் என்று பார்த்து அப்படியே கட்டினார். வேலை முடிந்து நான் வீட்டுக்கு வரும்போது, எதிரே அவர் தடியோடு பஸ்ஸுக்கு நிற்பார். திரும்பி வந்ததும் நான் கேட்காமலே சொல்வார்: "இண்டைக்கும் இல்லை." ஒரு நாள் இழுக்கும் வேகம் பிழை என்றார். இன்னொரு நாள் நேரம் பிழை என்றார். ஆகஸ்ட் மாதத்தில் ஒரு மாலை அவர் வீட்டுக்குப் போனேன். சமையலறை மேசையில் தாள் விரித்து, சவர அலகால் எதையோ சீவிக்கொண்டிருந்தார். மண்ணிற மயிர் குவிந்து கிடந்தது. முயல் தோல் கொடுக்குகள், மணிக்கண்கள்.

"என்னக்கா செய்யிறியள்?"

"பழசுகளைப் பிரிக்கிறன். நல்ல முள்ளுகள், வீணாய்க் கிடக்குது. உன்ரை பூச்சியைக் கட்டலாம்."

பெட்டியில் ஒரு மண்ணிறமும் மிஞ்சவில்லை. நான்கு மீன் பிடித்த பூச்சியும் அந்தக் குவியலில்தான் இருந்தது. அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். "தேத்தண்ணி போடட்டோ அக்கா?" என்பதுதான் வந்தது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். புழு டப்பா குறைந்ததை அவர் முன்பே கவனித்திருந்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அவ பாவம். போய்ச் சொல்லு."

"பேந்து சொல்லுறன்."

"பேந்து எண்டா எப்ப?"

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை வகுப்புப் பெண்கள் எல்லோரும் ஏரிக்கரையில் கூடினோம். அவரவர் பூச்சி கட்டிக் கொண்டுவந்து மற்றவர்களுக்குக் கொடுப்பது என்று ஏற்பாடு. அக்கா ஒவ்வொருவருக்கும் ஒரு சிவப்பு மஞ்சள் கட்டி, சின்ன அட்டைத் துண்டுகளில் குத்தி எடுத்து வந்திருந்தார். கொடுக்கும்போது என்னைக் காட்டித் தன் பிரெஞ்சில் "ஸே எல், ஸே எல்" என்றார். இது இவளுடையது என்று. எல்லோரும் எனக்கு மெர்சி என்று நன்றி சொன்னார்கள்.

காலை முழுக்க எல்லோரும் அதையே எறிந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் கடிக்கவில்லை. பகல் சாப்பாட்டுக்கு மேசையைச் சுற்றி உட்கார்ந்தபோது ஒரு பெண் தன் பூச்சியைத் தூக்கிப் பார்த்து ஏதோ பகிடி சொன்னார். மற்றவர்கள் சிரித்தார்கள். அக்கா என் கையைப் பிடித்தார்.

"பூச்சியிலை பிழையில்லையெண்டு இவையளுக்குச் சொல்லு. நீ கட்டினதிலை அவ்வளவு பெரிய மீன் வந்தது. நான் கட்டினதிலைதான் ஏதோ பிழை. என்ரை விரல் இறுக்கிப் பிடிக்குதில்லை. அதைச் சொல்லு பிள்ளை, அவை உன்னைப் பிழையா நினைக்கப்போகினம்."

அந்த இரண்டு விரல்களும் என் மணிக்கட்டில் நீட்டியபடி கிடந்தன. அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"அக்கா, அந்த மீன் பூச்சியிலை வரேல்லை."

"என்ன?"

"புழுவிலை பிடிச்சனான். மனுசன்ரை தடியாலை. பூச்சியைப் பேந்து நான்தான் வாயிலை குத்தினனான். படத்துக்கு."

அக்கா என் முகத்தையே பார்த்தார். சுற்றியிருந்தவர்களுக்குத் தமிழ் விளங்கவில்லை, தொடர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"புழுவெண்டா என்ன, அதுவும் மீன்பிடிதானே. அதை ஏன் மறைச்சனி?" என்றார். பிறகு, "மீனை விட்டதெண்டது?"

"விடேல்லை. செத்துப்போச்சு."

"சமைச்சனியளோ?"

"இல்லை. குப்பையிலை போட்டனான்."

கையை எடுத்துக்கொண்டார். இரண்டு மாதம் வெறும் தண்ணீரில் எறிந்து இழுத்ததற்குக் கோபிப்பார் என்று நான் காத்திருந்தேன். அவருக்கு அது முதலில் தோன்றவேயில்லை.

"அவ்வளவு பெரிய சீவனையோ? குப்பையிலையோ?" என்று மட்டும் கேட்டார். கண் நிறைந்துவிட்டது. பிறகு, "இவையளுக்கும் சொல்லு. நான் சொல்லமாட்டன். நீதான் எங்களுக்கு வாய்" என்றார்.

எழுந்து நின்றேன். அந்தப் பெரிய மீனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும் என்றேன். எல்லோரும் திரும்பினார்கள். பிரெஞ்சில் புழுவுக்கு 'வேர்' என்பார்கள். பச்சை நிறத்துக்கும் அதே ஒலிதான். நான் 'வேர்' என்றதும் ஆசிரியை ஆவலாக முன்னால் சாய்ந்தார். பச்சையா? பச்சைப் பூச்சியா? ஆனால் படத்தில் சிவப்பாக இருந்ததே? இன்னொரு பெண் தன் பெட்டியைத் திறந்து ஒரு பச்சைப் பூச்சியைத் தேடி எடுத்து, இப்படியா என்று கேட்டார். நான் இல்லை இல்லை என்று தலையாட்டி, மறுபடியும் 'வேர்' என்றேன். எந்தப் பச்சை, கடும் பச்சையா, இளம் பச்சையா? கடைசியில் குனிந்து, விரலை நெளித்து மண்ணுக்குள் போவதுபோல் காட்டி, "வேர் து தேர்" என்றேன். மண்புழு.

எங்கோ ஒருவர் பாதிச் சிரிப்புச் சிரித்து நிறுத்திக்கொண்டார். மீன் செத்ததையும், எறிந்ததையும், தண்ணீர் தெளிந்திருந்ததையும் சொல்லி முடித்தேன். குறிப்பேட்டில் எழுதிய அந்தப் பெண் என்னைப் பார்க்காமல் தன் சாப்பாட்டுப் பெட்டியை மூடினார். ஆசிரியை, "சொன்னதற்கு நன்றி" என்றார். வாடிக்கையாளரிடம் பேசும் குரல் அது. திங்கட்கிழமை மண்டபத்துச் சுவரில் படம் இல்லை. நான்கு குண்டூசி ஓட்டைகள் மட்டும் இருந்தன. அதன்பின் அந்த வகுப்புக்கு நான் போகவில்லை.

அந்தச் சனிக்கிழமை பிற்பகல், ஏரிக்கரையில், ஆசிரியை தன் பெட்டியிலிருந்து ஒரு மண்ணிறப் பூச்சியை எடுத்து அக்காவிடம் கொடுத்தார். அக்கா மெர்சி சொல்லி வாங்கிச் சட்டைப்பையில் வைத்தார். எறியவில்லை. நூலைச் சுற்றி, தடியை மடித்து, மற்றவர்கள் முடிக்கும்வரை கல்லில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு எங்கள் காரில் என்னோடு வரவில்லை, பஸ்ஸில் போனார்.

குளிர்காலம் முழுக்க அவர் பூசையில் மறுபக்க வரிசையில் இருந்தார். சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரத்தில் என் பக்கம் வரமாட்டார். ஒருமுறை நல்ல முள் பெட்டி ஒன்று வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தார். வாங்கிக்கொண்டார். "சரி" என்றார். உள்ளே வரச் சொல்லவில்லை. கதவு மெதுவாகத்தான் சாத்தப்பட்டது. அடித்துச் சாத்தியிருந்தால் நான் அவ்வளவு நேரம் படியில் நின்றிருக்கமாட்டேன்.

பனி உருகி முடிந்த ஒரு நாள் அவரே அழைத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது, வாசித்துச் சொல்ல வேண்டும் என்றார். போனேன். வாசித்தேன். நான் எழும்பும்போது அவர் பெட்டியைத் திறந்து காட்டினார். பன்னிரண்டு மண்ணிறப் பூச்சிகள், வரிசையாக.

"மறந்துபோச்செண்டு நினைச்சன். கை மறக்கேல்லை."

அந்த ஜூனில் மறுபடியும் ஒன்றாகப் போனோம். அவர் மூன்று மீன் பிடித்தார். ஒன்று நல்ல பெரிது. வலை பிடித்தது நான். அந்தப் பெரியதை அவர் விடவில்லை. எங்கள் வீட்டுச் சமையலறையில் என் கணவர் வெட்டிக் கழுவ, அக்காவே புளி கரைத்துக் குழம்பு வைத்தார். எல்லோரும் சாப்பிட்டோம். பழைய கதையை யாரும் எடுக்கவில்லை.

இப்போது நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம். ஆனால் அக்காவிடம் ஒரு பழக்கம் வந்துவிட்டது. நான் எதைச் சொன்னாலும், பஸ் பிந்துகிறது என்றாலும், இன்று கோவிலில் சனம் குறைவு என்றாலும், ஒரு நொடி பொறுத்து, "உண்மையாவோ?" என்று கேட்கிறார். என்னைக் குத்துவதற்காகக் கேட்பதில்லை. கேட்பது அவருக்கே தெரியுமோ என்னவோ. ஒவ்வொரு தடவையும் நான், "உண்மைதான் அக்கா" என்கிறேன். காது சூடாகிறது. பிறகு அவர் தலையாட்டுகிறார். நாங்கள் மேற்கொண்டு பேசுகிறோம்.